எந்தக் குரலைக் குறைப்பது?

வீட்டில் நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினால் யாருக்குக் காது கொடுப்பது என்பது குடும்பஸ்தர்கள் எல்லோரும் அறிந்த சங்கடம். கூடங்குளத்தில் என் வீட்டு முன்னறையிலும் அப்படி நால்வர் இருக்கிறார்கள். நால்வரும் யந்திரங்கள்: இசைத்தட்டுப் பெட்டி, ரேடியோ, கேசட் பெட்டி, குறுந்தகடு வாசிக்கும் பெட்டி. நான்கும் ஒரே ஜோடி ஒலிபெருக்கியில் பேச வேண்டும் என்ற ஆசை போன வருஷம் கோடையில் எனக்கு உண்டாயிற்று. கதை எழுத உட்கார்ந்து கதை வராத நாட்களில் எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட ஆசைகள் வருவது சகஜம்.

இதற்கென்று ஒரு கருவி உண்டு. ப்ரீ ஆம்ப்ளிபயர் என்று பெயர். பெயர்தான் பெரிதே தவிர, அது செய்வது கிராமத்து நாட்டாண்மைக்காரர் செய்கிற காரியந்தான். வருகிற வழக்காளிகளை வாசலில் நிறுத்தி, மெலிந்தவனுக்குச் சற்றுத் தெம்பு கொடுத்து, துள்ளுகிறவனைத் தட்டி வைத்து, எல்லோரையும் ஓர் அளவுக்குக் கொண்டுவந்து உள்ளே அனுப்புகிறது. சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். முகப்பில் ஐந்து திருகுகள். எதைத் திருகினால் என்ன ஆகும் என்று தெரியாமல் ஒரு வாரம் எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் வள்ளியூரிலிருந்து ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரை வரவழைத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன அண்ணாச்சி, இப்படி முனகுது?" என்றார். நான்கு பெட்டிகளையும் நான்கு மூலைகளில் இருந்த பிளக்குகளில் செருகி வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தன் தன் வழியில் பூமியைத் தேடிக்கொண்டு போக, அந்த வழிகளுக்குள் ஒரு வளையம் ஏற்பட்டு, மின்சாரத்தின் வினாடிக்கு 50 துடிப்பு ஒலிபெருக்கியில் ஏறிக்கொண்டு முனகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகினார், முனகல் நின்றது. கடற்கரையில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருக்கிற ஊர் இது. அவற்றுக்கும் என் வீட்டு முனகலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை என் மனைவிக்கு விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

பிறகு அவர் பாடம் நடத்தினார். இசைத்தட்டின் முள் எழுப்புகிற மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. குறுந்தகட்டுப் பெட்டி அனுப்புவதோ இரண்டு வோல்ட். ஒன்றுக்கு நானூறு! இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார்த்தி வைத்தால் யார் சாப்பிடுவார், யார் பட்டினி கிடப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முள்ளுக்கு மட்டும் தனியாக ஒரு படிக்கட்டு வைத்து ஏற்றிவிடுகிறார்கள். நான் உற்சாகமாக எல்லாத் திருகுகளையும் வலப்பக்கம் திருப்பப் போனேன்.

"ஏத்தாதீங்க அண்ணாச்சி. எது சத்தமா இருக்கோ அதைக் கொஞ்சம் எறக்கிப் பாருங்க. ஏத்தினா இரைச்சலும் சேந்துல்லா ஏறும்."

சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. ஆனால் எனக்கு அது அன்று இரவு முழுவதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. தாழ்ந்தவரை உயர்த்த வேண்டும் என்று மேடையில் பேசாதவர்கள் இல்லை. நானே பேசியிருக்கிறேன், மாலையும் வாங்கியிருக்கிறேன். உயர்ந்திருப்பவர் சற்றுத் தணிய வேண்டும் என்று பேசினால் மாலை கிடைக்குமா என்பது சந்தேகம்.

பெட்டிகள் ஒழுங்காக இணைந்ததும் முதலில் வைத்தது 'கொஞ்சும் சலங்கை' இசைத்தட்டை. 1962இல் வந்த படம். 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் தோளோடு தோள் உரசிப் போகின்றன. காருகுறிச்சி எங்கள் ஜில்லாவில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர். அந்த மனிதர் 1964இல், 43 வயதுக்குள் போய்விட்டார். நாதஸ்வரம் கோபுர வாசலுக்கும் தேரோடும் வீதிக்கும் ஏற்பட்ட வாத்தியம். ஒலிவாங்கி இல்லாத ஒரு கூடத்தில் அதன் பக்கத்தில் நின்று ஒரு பெண் மெல்லிய குரலில் பாடினால், உதடு அசைவதுதான் தெரியும். தட்டில் இரண்டும் சமமாக நிற்கின்றன என்றால், யாரோ ஒருவர் நாதஸ்வரத்தை இறக்கியிருக்கிறார் என்று அர்த்தம். வாசித்த மகானும் தம் சீவாளியில் சற்று அடக்கி வாசித்திருக்கிறார் என்று என் காதுக்குப் படுகிறது. அப்படி அடக்கியதனால் நாதஸ்வரத்துக்குக் குறைவு வந்ததாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் இதற்கு வேறொரு தீர்வு உண்டு. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் ஒரே இரவில், சில சமயம் எதிரெதிர்ப் பந்தலில் இருக்கும். மேளம் அடங்கினால்தான் வில் பேசும். குடமும் உடுக்கும் தாளமும் புலவரின் குரலும் ஒன்றையொன்று மீறாமல் போகும். பிறகு வில் ஓய்ந்து மேளம் எழும். முறை வைத்துப் பேசுவது. என் பெட்டியிலும் அதற்கு ஒரு திருகு இருக்கிறது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற மூவரும் ஊமை. சௌகரியமான நியாயம்தான். ஆனால் முறை வந்தாலும் பேசத் தெரியாதவர் கதி என்ன? 2011, 2012 வருஷங்களில் பக்கத்து இடிந்தகரையில் போராட்டம் நடந்தபோது, தொலைக்காட்சி விவாதம் ஒன்றைப் பார்த்தேன். விஞ்ஞானி ஒருவருக்கும் மீனவப் பெண் ஒருத்திக்கும் சரி சமமாக நேரம் கொடுத்தார்கள். அவர் தமது நேரத்தில் பதினைந்து விஷயங்களைச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்து, "நாங்க வந்து..." என்று மூச்சு வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உலை வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல இங்கே என் பேச்சு. கடிகாரம் சமமாக ஓடியது; அவ்வளவுதான் அதனால் முடிந்தது.

இசைத்தட்டைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். என் தலையில் பெரிய குடைச்சலை உண்டாக்கியது அதுதான். தட்டில் பாட்டு, பாடியபடியே பதிவாவதில்லை. கனத்த ஓசைகளை அப்படியே செதுக்கினால் கோடு அகலமாக ஆடிப் பக்கத்துக் கோட்டில் போய் முட்டும். ஆகவே அவற்றை வேண்டுமென்றே குறைத்துச் செதுக்குகிறார்கள். மிகவும் அடிமட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக. மெல்லிய கீச்சு ஓசைகளையோ, தட்டின் சரசரப்பில் மூழ்கிவிடாமல் இருக்க, அதே அளவு உயர்த்திச் செதுக்குகிறார்கள். கேட்கிற இடத்தில் இருக்கும் பெட்டி, குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்து, பாட்டைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுக்காரர்கள் கூடி இந்த அளவை ஒரே மாதிரியாக வகுத்தார்கள். அதற்கு முன் கம்பெனிக்குக் கம்பெனி ஓர் அளவு. எந்தக் கம்பெனித் தட்டு என்று தெரியாமல் வாசித்தால் பாடகர் மூக்கால் பாடுவார், அல்லது பானைக்குள் இருந்து பாடுவார்.

தட்டில் இருப்பதை உள்ளது உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கிறேன் என்று ஒரு நேர்மையாளர் புறப்பட்டால் என்ன ஆகும்? பொய்தான் கேட்கும்.

இது நம் வீடுகளில் புதிதல்ல. விருந்துக்கு வந்தவர் இலையை மறைத்து "போதும்" என்கிறார். உடனே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவள் நல்ல இல்லாள் ஆவாளா? "போதும்" என்பது குறைத்துச் செதுக்கிய சொல். அதைக் கூட்டிப் படிப்பது பரிமாறுகிறவளின் கடமை. மரியாதை என்று நாம் சொல்வதில் பாதி இந்த ஏற்பாடுதான். சொல்கிறவர் தாழ்த்திச் சொல்வார். கேட்கிறவர் உயர்த்திக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு திண்ணைத் தத்துவத்தில் சுகமாக இருந்திருப்பேன். அந்தக் கேசட் அகப்படாதிருந்தால்.

அப்பாவின் தகரப் பெட்டியில் பத்திரங்களோடு கிடந்தது. மேலே அவர் கையெழுத்தில் '1987 - பாகம் பேசியது' என்று இருந்தது. தாத்தா உயில் எழுதாமல் இறந்த வருஷம் அது. பனையும் உடைமரமுமாக, அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய மானாவாரி நிலம். மூன்று பிள்ளைகள், ஒரு பெண். பெண் என்றால் என் அத்தை. அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே பக்கத்துக் கிராமத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. நாளைக்கு யாரும் பேச்சு மாறக்கூடாது என்று, அப்போது துபாயிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் காலங்காலமாகச் சொல்லி வருகிற சேதி இதுதான்: "அத்தை தங்கமானவள். எனக்கு ஒண்ணும் வேண்டாம்னுட்டா." அந்த வாரமே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷம் நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் இந்த ஊர் உலைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நிலம் என்ன விலைக்கு ஏறியது என்பது வேறு கதை. நான் இதை எழுதுகிற இந்த முன்னறை அந்த நிலத்தின் மேல்தான் இருக்கிறது.

கேசட்டைப் போட்டேன். பெரியப்பாவின் குரல் இடி மாதிரி விழுந்தது. அவர் யந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவின் இருமல். பின்னால் எங்கோ 'டும், டும்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் பெரியப்பா, "தங்கச்சி என்ன சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாமே பேசிக்கொண்டு போகிறார். அவர் பேச்சுக்கு அடியில், தொலைவில், அடுக்களை நடையிலிருந்து ஒரு பெண்குரல். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு..." அதற்கு மேல் தெளிவில்லை.

அந்தக் காலத்து டேப் ரிக்கார்டர்களில் ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. பதிவு செய்கிறவர் கையால் அளவு வைக்க வேண்டியதில்லை. பலத்த சத்தம் வந்தால் யந்திரம் தானே தன்னைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் ஓய்ந்தால் தானே கூட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே மட்டத்தில் பதிவாகும். எவ்வளவு நல்ல எண்ணம், பாருங்கள்! ஆனால் பெரியப்பா முழங்குகிறபோது யந்திரம் அவருக்காகத் தன்னைக் குறைத்துக்கொண்டது; அந்தக் குறைப்பு அதே நிமிஷத்தில் நடையில் நின்று பேசியவளையும் சேர்த்து அமுக்கிவிட்டது. அவர் மூச்சு விட்ட இடைவெளியில் யந்திரம் அவசர அவசரமாக ஏறியது. அப்போது அங்கே பதிவாவதற்கு வெறும் இரைச்சல்தான் மிச்சம். சத்தமாகப் பேசுகிறவரே அளவுகோல் ஆகிவிடுகிற சமத்துவம் இது.

நான் திருகுகளைப் பிடித்தேன். ரிப்பேர்க்காரர் சொன்னபடி முதலில் இறக்கினேன். பெரியப்பாவின் முழக்கம் கனத்த ஓசைகளில் இருந்தது, அதைக் குறைத்தேன். அந்த 'டும் டும்' தொந்தரவும் கூடவே தொலைந்தது. மெய்யெழுத்துக்களின் கூர்மை மேல் ஓசைகளில் இருக்கிறது, அதைக் கூட்டினேன். இருபது தடவை, முப்பது தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். நள்ளிரவு தாண்டி எனக்குக் கேட்டது:

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு நான் சொல்லலியே."

மனைவியை எழுப்பிக் கேட்கச் சொன்னேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு தடவை கேட்டாள். "எனக்கு 'வேண்டாம்'னுதான் கேக்குது. அதுக்கு அப்புறம் சும்மா இரைச்சல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுபடி போட்டேன். இப்போது எனக்கும் இரைச்சலாகவே கேட்டது. மேல் ஓசையைக் கூட்டினால் கேசட்டின் சரசரப்பும் கூடும் என்பது எனக்குத் தெரியும். 'லியே' என்று நான் கேட்டது அத்தையின் குரலா, வெறும் சரசரப்பா, அல்லது கதை எழுதிப் பழகிய என் காது தனக்கு வேண்டியதைச் சரசரப்பில் எழுதிக்கொண்டதா?

இரண்டு நாள் இந்த ஆராய்ச்சியில் கழிந்தது. அப்புறந்தான் எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் "வேண்டாம்" என்றே சொல்லியிருந்தாலுந்தான் என்ன? 1956இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் சுயமாகத் தேடிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது. சட்டம் அவளைச் சமமாக்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கூடத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்ததனால்தான் விடுதலைப் பத்திரமே எழுதினார்கள். மூன்று ஆண்பிள்ளைகள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடுக்களை நடையில் நின்று ஒரு பெண் "வேண்டாம்" என்று சொன்னால் அது எந்த அளவில் செதுக்கப்பட்ட சொல் என்று அண்ணன்மாருக்குத் தெரியாதா? இலையில் கையை வைத்து மறைத்த விருந்தாளிக்கு நெய் ஊற்றத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். என் அப்பா உட்பட.

இந்த வாதத்தில் ஓர் அபாயமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா "வேண்டாம்"களையும் "வேண்டும்" என்று படிக்கத் தொடங்கினால், உண்மையாகவே வேண்டாம் என்கிறவள் எங்கே போவாள்? மறுத்த பெண்ணை மனசுக்குள் சம்மதித்தவளாக்கிக்கொண்ட கதாநாயகர்களை நம் கதைகளில் நிறையப் பார்த்துவிட்டோம். நான் கூட ஒருவனைப் படைத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. மனிதர்களுக்கு 1954 வரவேயில்லை. ஒவ்வொருவரும் தனிக் கம்பெனி. எந்தத் தட்டு, யார் செதுக்கியது, எந்த அறையில், யார் முன்னால் என்று தெரியாமல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது: அத்தையையே கேட்பது. அதை இத்தனை வருஷமாக எங்களில் ஒருவரும் செய்யவில்லை. நானோ அதைத் தவிர மற்றதையெல்லாம் செய்து, ராத்திரி முழுவதும் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும்.

அத்தைக்கு எண்பதை நெருங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து அழைத்து வந்தேன். சோபாவில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நடைப்படியில் முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கேசட்டைப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னைக்குப் பாகம் பேசும்போது நீங்க என்ன சொன்னீங்க? வேண்டாம்னா சொன்னீங்க?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்ன சொன்னேன்னு இப்ப யாருக்கு நெனவிருக்கு, எய்யா? பேனாவக் கையில குடுத்தாவ. போட்டேன். கேட்டுட்டா எழுதினாவ?"

நான் மேலே பேசத் தெரியாமல் யந்திரத்தை ஓட விட்டேன். திருகுகள் அன்றிரவு வைத்த இடத்திலேயே இருந்தன. பெரியப்பா மெலிந்த குரலில் பேசினார். அப்பா இருமினார். பெண்குரல் வந்த இடத்தை அத்தை கவனித்ததாகவே தெரியவில்லை. தலையைச் சாய்த்து வேறு எதையோ தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"பொறவாசல்ல உரல்ல இடிச்சுக்கிட்டு இருந்தாள்லா எங்க அம்மா. அம்புட்டுப் பேருக்கும் சோறு பொங்கணும்லா. அந்தச் சத்தம் இதுல விழலியோ?"

நான் தொந்தரவு என்று நினைத்து அறுத்து எறிந்த 'டும் டும்'! கனத்த ஓசைக்கான திருகை வலப்பக்கம் திருப்பினேன். பெரியப்பாவின் இடி மறுபடியும் எழுந்தது. அதன் பின்னால், விடாமல், ஒரே சீராக, என் பாட்டியின் உலக்கை விழுந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேசட் அந்தப் பக்கம் முடிந்து 'டக்' என்று நிற்கும் வரையில் ஒன்றும் பேசவில்லை.

"பங்கு விஷயமா பத்திரம் எழுதுறவரைப் பார்த்துப் பேசியிருக்கேன், அத்தை" என்றேன். அறைக்குள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அதப் பொறவு பேசுவோம் மருமவனே" என்றாள் அத்தை. "இன்னொரு மட்டம் முதல்லேருந்து போடு."